கேளுங்கள், சொல்கிறோம்: பிறர் சூட்டிய பெயர்கள்

பள்ளிப் பாடத்தில் "எஸ்கிமோ" என்றுதான் படித்தோம். இப்போது அது இழிசொல் என்கிறார்கள். "பச்சை மாமிசம் தின்பவர்" என்று பொருளாமே?

அந்தப் பொருள் விளக்கம் பெரும்பாலும் தவறு என்றே இன்றைய மொழியியலாளர்கள் கருதுகிறார்கள். கனடாவின் கிழக்குப் பகுதியில் வாழும் இன்னு மக்களின் மொழியிலிருந்து ஐரோப்பியர் வாய்க்கு வந்த சொல் இது. பனியில் புதையாமல் நடக்கக் காலில் கட்டும் வலைச்செருப்புக்கு வலை பின்னுகிறவர் என்பதே மூலப் பொருள் என்கிறார் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் மொழியியலாளர் ஐவ்ஸ் காடர்ட். கியூபெக்கின் மானிடவியலாளர் ஜோசே மாயோ 1978-ல் வேறு விளக்கம் சொன்னார்: வேற்றுமொழி பேசுகிறவர். இரண்டில் எதை எடுத்துக்கொண்டாலும் வசை இல்லை.

இந்த இடத்தில்தான் பலர் வழி தவறுகிறார்கள். "வேரில் குற்றமில்லையே, பிறகு ஏன் கோபம்?" என்று கேட்கிறார்கள். ஒரு பெயர் எங்கே பிறந்தது என்பதைவிட, யார் கையில் இருந்தது, எதற்குப் பயன்பட்டது என்பதே அதன் சுவையைத் தீர்மானிக்கிறது.

1941 முதல் கனடா அரசு, தான் "எஸ்கிமோ" என்று அழைத்த வடதுருவப் பகுதி இனுயிட் மக்களுக்கு (மேலே சொன்ன இன்னு மக்கள் வேறு) ஒரு வட்டைக் கொடுத்தது. பெரிய நாணயம் அளவு இருக்கும். அழுத்திய நாரிலோ தோலிலோ செய்தது. கழுத்தில் கயிறு கோத்து மாட்டிக்கொள்ளத் துளை உண்டு. சிலர் உடையில் தைத்துக்கொண்டார்கள். ஒரு பக்கம் கிரீடமும் "எஸ்கிமோ அடையாளம், கனடா" என்ற வாசகமும். மறுபக்கம் ஓர் ஆங்கில எழுத்தும் எண்களும். கிழக்குப் பகுதிக்கு "ஈ", மேற்குக்கு "டபிள்யூ". கிழக்கில் ஒன்பது வட்டாரங்கள், மேற்கில் மூன்று. வட்டார எண்ணுக்குப் பின் ஆளின் எண். இனுயிட் மக்களுக்குக் குடும்பப் பெயர் வழக்கம் கிடையாது. பெயரை வைத்து ஆணா பெண்ணா என்று சொல்லவும் முடியாது. பாதிரியார் ஒருவிதமாகவும் காவலர் வேறுவிதமாகவும் எழுத்துக்கூட்டினார்கள். பதிவேட்டுக்கு இது தொல்லை. ஆகவே பெயருக்குப் பதில் எண் வந்தது. 1968 முதல் 1971 வரை ஏப் ஓக்பிக் என்ற இனுயிட் தலைவர் ஊர் ஊராகப் போய்க் குடும்பப் பெயர்களைப் பதிவு செய்த பிறகுதான் வட்டின் காலம் முடியத் தொடங்கியது.

"எஸ்கிமோ" என்ற சொல்லைக் கேட்கும் ஒரு முதியவருக்கு வலைச்செருப்பு நினைவுக்கு வராது. அந்த வட்டுதான் வரும்.

1977-ல் அலாஸ்காவின் பாரோ நகரில் கூடிய வடதுருவ மாநாடு, தங்கள் பொதுப்பெயர் "இனுயிட்" என்று அறிவித்தது. 1982-ன் கனடா அரசியலமைப்புச் சட்டத்திலும் அந்தப் பெயரே ஏறியது. பாரோ நகரமும் 2016-ல் வாக்கெடுப்பு நடத்தி, உட்கியாக்விக் என்ற தன் பழைய பெயருக்குத் திரும்பிவிட்டது.

அப்படியானால் பழைய கட்டுரைகளில் "எஸ்கிமோ" வரும் இடத்திலெல்லாம் "இனுயிட்" என்று மாற்றிவிடலாமா?

கூடாது. கணினியில் தேடி மொத்தமாக மாற்றுகிறவர்கள் செய்யும் முதல் பிழை இதுதான். "எஸ்கிமோ" என்ற ஒரே மூட்டைக்குள் யூபிக் மக்களையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். அலாஸ்காவின் தென்மேற்கிலும் சைபீரியாவின் கிழக்கு முனையிலும் வாழும் யூபிக் மக்கள் இனுயிட் அல்லர். அவர்களை "இனுயிட்" என்று எழுதினால் ஒரு தவறான பெயரை எடுத்துவிட்டு இன்னொன்றை ஒட்டுகிறோம். அலாஸ்காவில் பழைய சொல் இத்தனை நாள் தங்கியதற்கும் இதுவே காரணம். இரு மக்களையும் ஒன்றாகக் குறிக்க வேறு சொல் இல்லை. அமெரிக்க நாடாளுமன்றம் 2016-ல் இரண்டு சட்டப் பிரிவுகளிலிருந்து அதை நீக்கி, "அலாஸ்கா பூர்வகுடியினர்" என்ற பொருளில் எழுதியது. எந்த ஊர், எந்த மக்கள் என்று பார்த்து, அலாஸ்காவின் வடக்கு என்றால் இனுப்பியாட், கிரீன்லாந்தின் மேற்கு என்றால் கலாலிட் என்று குறிப்பிடுங்கள்.

இலக்கணமும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். ஒருவர் என்றால் இனுக், இருவர் என்றால் இனூக் (அந்த மொழியில் இருமை உண்டு), மூவரும் அதற்கு மேலும் என்றால் இனுயிட். ஆகவே "இனுயிட்டுகள்" என்று "கள்" சேர்ப்பது பன்மைக்குமேல் பன்மை. "இனுயிட்" என்றாலே "மக்கள்" என்றுதான் பொருள். என்றாலும் தமிழில் "இனுயிட் மக்கள்" என்று எழுதினால் வாசிப்பவருக்குத் தெளிவாக இருக்கும், அதில் தவறில்லை.

வெளியார் வைத்த பெயர்தான் புண்படுத்துமா? தாங்களே தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் இழிவாக மாறியது உண்டா?

உண்டு. ஜப்பானின் வடக்கே ஹொக்கைடோவில் வாழும் ஐனு மக்களுக்கு அது நடந்தது. "ஐனு" என்றால் அவர்கள் மொழியில் மனிதர். நல்ல மனிதர் என்ற மரியாதையும் அதில் ஒட்டியிருக்கும். ஆனால் ஜப்பானிய மொழியில் "இனு" என்றால் நாய். பள்ளிக்குப் போகும் ஐனு பிள்ளைகளைப் பார்த்து "ஆ... இனு!" என்று பிரித்துச் சொல்லிக் கேலி செய்தார்கள். ஒரு இடைவெளி விட்டால் மனிதன் நாயாகிவிடும். சட்டமும் கைகொடுத்தது. 1899-ல் வந்த சட்டத்தின் பெயரே "ஹொக்கைடோ முன்னாள் பூர்வகுடிகள் பாதுகாப்புச் சட்டம்". அவர்கள் நிலத்திலேயே அவர்களை "முன்னாள்" ஆக்கிய பெயர் அது. 1997 வரை அந்தச் சட்டம் புத்தகத்தில் இருந்தது.

இந்தக் கேலியின் சுமை தாங்காமல், ஐனு மக்களின் சங்கமே 1961-ல் தன் பெயரிலிருந்து "ஐனு" என்ற சொல்லை எடுத்துவிட்டு "உட்டாரி" என்று மாற்றிக்கொண்டது. உட்டாரி என்றால் தோழர், உறவினர். 2008-ல் ஜப்பான் நாடாளுமன்றம் ஐனு மக்களைப் பூர்வகுடிகளாக அங்கீகரிக்கக் கோரும் தீர்மானம் நிறைவேற்றியது. அடுத்த ஆண்டே சங்கம் பழைய பெயருக்குத் திரும்பியது. 48 ஆண்டுகள் தன் பெயரைத் தானே சொல்ல முடியாமல் ஒரு சங்கம் இருந்திருக்கிறது. இந்தத் துறையில் இதைவிட வேதனையான செய்தி குறைவு.

ஒலி ஒற்றுமையால் வரும் தொல்லை வேறு இடங்களிலும் உண்டு. வடக்கு ஐரோப்பாவின் சாமி மக்களை வெளியார் "லாப்" என்றார்கள். சுவீடிய மொழியில் அந்த ஒலிக்கு ஒட்டுத்துணி, கந்தல் என்ற பொருள் உண்டு. சொல்லின் மூலம் வேறாக இருக்கலாம். காதில் விழுவது ஒட்டுத்துணிதான். பின்லாந்தின் மாகாணப் பெயராக "லாப்லாந்து" இருக்கிறது, இடத்துக்கு அப்படியே எழுதலாம். மக்களுக்கு எழுதக்கூடாது. தமிழில் "சாமி" என்று மட்டும் எழுதினால் கடவுளோடு மயங்கும் என்பதால் ஒவ்வொரு இடத்திலும் "சாமி மக்கள்" என்றே எழுதுங்கள்.

உச்சரிப்பு மாறாமலேயே ஒரு பெயரின் இழிவை நீக்கியதாகச் சொல்கிறார்களே, அது எப்படி?

சீன எழுத்தில் அது முடியும். அங்கே ஒரு எழுத்தின் ஒரு பகுதி ஒலியையும் இன்னொரு பகுதி பொருள் வகையையும் காட்டும். தென்பகுதியின் சுவாங், யாவ் மக்களின் பெயர்களை எழுதும்போது பொருள் வகைக்கு நாயைக் குறிக்கும் கீற்றுகளைப் போட்டு எழுதி வந்தார்கள். வாயால் சொன்னால் வெறும் பெயர். தாளில் பார்த்தால் விலங்கு. 20-ஆம் நூற்றாண்டில் இந்தக் குறிகளை மாற்றினார்கள். யாவ் பெயருக்கு ஜேட் என்ற பச்சைக் கல்லின் வகைக்குறி வந்தது. சுவாங் பெயருக்கு முதலில் மனிதக் குறி வந்தது. பிறகு, 1965-ல், சீனப் பிரதமர் சூ என்லாய் முன்மொழிந்தபடி "வலிமை" என்று பொருள்படும் வேறு எழுத்தே வந்தது.

"புஷ்மன்" தவறு, "சான்" என்று எழுது என்றார்கள். இப்போது "சான்" என்பதும் தவறு என்கிறார்கள். எதைத்தான் எழுதுவது?

குழப்பம் நியாயமானது. ஆராய்ச்சியாளர்கள் அவசரப்பட்டு மாற்றுப்பெயர் தேடியதால் வந்த வினை. தென்னாப்பிரிக்காவில் ஆடுமாடு வளர்த்த கோய்கோய் மக்கள், மாடில்லாமல் வேட்டையாடியும் கிழங்கு, பழம் சேகரித்தும் வாழ்ந்தவர்களை "சான்" என்றார்கள். மாடு வைத்திருப்பவர் வாயில் அது ஏழை, தாழ்ந்தவர் என்ற தொனியோடு வரும் சொல். அதாவது ஐரோப்பியர் வைத்த பெயரை விட்டு அண்டை வீட்டார் வைத்த பெயரைப் பிடித்துக்கொண்டார்கள். அந்தக் கோய்கோய் மக்களுக்கே டச்சுக்காரர்கள் "ஹாட்டன்டாட்" என்று பெயர் வைத்திருந்தது வேறு கதை. அவர்கள் மொழியின் நாக்குச் சொடுக்கொலிகளைக் கேலியாகப் பின்பற்றிய பெயர் என்று கருதப்படும் அது இன்று அப்பட்டமான வசை.

ஆனால் 1990-களில் அந்த மக்களின் பிரதிநிதிகள் கூடிப் பேசி, எல்லோரையும் சேர்த்துச் சொல்ல ஒரு பெயர் வேண்டியிருப்பதால் "சான்" இருக்கட்டும் என்று முடிவெடுத்தார்கள். அந்த முடிவுதான் நமக்கு முக்கியம். எனவே பொதுவாகச் சொல்லும்போது "சான்" என்று எழுதலாம். ஒரு குறிப்பிட்ட மக்களைப் பற்றி எழுதும்போது ஜூஹோவான்சி, க்வே என்று அவர்கள் பெயரையே எழுத வேண்டும். "புஷ்மன்" என்று தங்களைத் தாங்களே சொல்லிக்கொள்கிறவர்களும் அங்கே இருக்கிறார்கள். அவர் வாயிலிருந்து வந்தால் மேற்கோளுக்குள் அப்படியே இருக்கட்டும். உங்கள் வாக்கியத்தில் வேண்டாம்.

போட்ஸ்வானாவில் நடந்த மாற்றம் தமிழருக்குச் சட்டென்று புரியும். சுவானா மொழியில் பெயர்ச்சொற்களுக்கு முன்னொட்டு வகுப்புகள் உண்டு. மனிதர்களுக்கு "பா". "மா" வகுப்பில் பொருள்கள் வரும்; அந்நியரையும் தாழ்வாகக் கருதப்பட்டவரையும் அதில் போட்டுப் பேசுவார்கள். சான் மக்களை முன்பு "மாசர்வா" என்றார்கள், இப்போது "பாசர்வா". அடிச்சொல் அதே. அஃறிணையிலிருந்து உயர்திணைக்கு ஏறியது போன்றது இது.

"செவ்விந்தியர்" என்று எழுதலாமா?

வேண்டாம். தோலின் நிறத்தையும் கொலம்பஸின் வழிப்பிழையையும் சேர்த்து மொழிபெயர்த்த சொல் அது. "அமெரிக்கப் பூர்வகுடியினர்" போதும். மக்களின் பெயர் தெரிந்தால் அதுவே மேல்.

ஆனால் "இந்தியன்" என்ற ஆங்கிலச் சொல்லை மட்டும் தனியாகப் பாருங்கள். அமெரிக்காவில் பூர்வகுடியினரே 1944-ல் தொடங்கிய தேசிய அமைப்பின் பெயரில் அது இருக்கிறது, பல முதியவர்கள் விரும்பியே சொல்கிறார்கள். கனடாவில் அதே சொல் 1876-ன் "இந்தியர் சட்டத்தின்" கசப்போடு சேர்ந்துவிட்டதால் பேச்சில் தவிர்க்கிறார்கள். சட்டத்தின் பெயரைச் சொல்லும்போது மட்டும் வரும். எல்லைக்கோட்டின் இரு பக்கமும் ஒரே சொல்லுக்கு இரு வேறு எடை.

புண்படுத்தும் பெயர் என்று தெரிந்த பிறகும் சட்டத்தில் ஏன் அப்படியே இருக்கிறது? மாற்ற என்ன செய்ய வேண்டும்?

பெயரில் உரிமைகள் தொங்கிக்கொண்டிருப்பதால். அமெரிக்காவின் ஸ்டாண்டிங் ராக் பகுதிப் பூர்வகுடியினர் தங்களை லக்கோட்டா, டக்கோட்டா என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் அவர்கள் ஆட்சியமைப்பின் பெயரில் வெளியார் வைத்த "சூ" இன்றும் இருக்கிறது. அமெரிக்க அரசோடு செய்த 1868-ன் லாரமி கோட்டை உடன்படிக்கை அந்தப் பெயரில் இருக்கிறது. நில உரிமை வழக்கு என்று வந்தால் அதைத்தான் காட்ட வேண்டும். சிலர் மாற்றியும் இருக்கிறார்கள். அரிசோனாவின் "பாப்பாகோ" மக்கள் 1986-ல் தங்கள் அமைப்புச் சட்டத்தையே திருத்தி "டோஹோனோ ஓதாம்" ஆனார்கள். பாலைவன மக்கள் என்று பொருள். விஸ்கான்சின் "வின்னிபேகோ" மக்கள் 1994-ல் "ஹோ-சங்க்" ஆனார்கள். நெப்ராஸ்காவில் இருக்கும் அவர்கள் உறவினரோ "வின்னிபேகோ" என்ற சட்டப் பெயரையே வைத்துக்கொண்டார்கள். எழுதும்போது எந்த மாநிலத்து அமைப்பு என்று பார்க்காவிட்டால் பிழை வரும்.

இந்தியாவில் வழி நீளமானது. பழங்குடியினர் பட்டியலைக் குடியரசுத் தலைவரின் ஆணை வகுக்கிறது. அரசியலமைப்பின் 342(2) பிரிவின்படி அதில் சேர்க்கவோ நீக்கவோ நாடாளுமன்றச் சட்டத்தால்தான் முடியும். 1999-ல் வகுத்த நடைமுறைப்படி முதலில் மாநில அரசு காரணங்களோடு பரிந்துரைக்க வேண்டும். அது இந்தியத் தலைமைப் பதிவாளரிடம் போகும். அவர் ஏற்காவிட்டால் மறுபரிசீலனைக்கு மாநிலத்துக்கே திரும்பும். ஏற்றால் தேசியப் பழங்குடியினர் ஆணையம், அதன்பின் மத்திய அமைச்சரவை, பிறகு மசோதா. பெரும்பாலும் கோப்பு நிற்பது முதல் கட்டத்தில்தான். பழைய பெயரும் புதிய பெயரும் ஒரே மக்களையே குறிக்கின்றன என்பதற்கான இனவரைவியல் ஆதாரம் இல்லாமல் வெறும் கோரிக்கை மனு மட்டும் போனால் பதிவாளர் கேள்வியோடு திருப்பிவிடுவார்.

இப்படி மாறியவை உண்டு. அருணாச்சலப் பிரதேசப் பட்டியலில் "டஃப்லா" என்றிருந்ததை 2008-ன் திருத்தச் சட்டம் "நிஷி" என்று மாற்றியது. "அபோர்" என்பது அசாமியர் சமவெளியிலிருந்து வைத்த பெயர், அடங்காதவர் என்று பொருள். அந்த மக்கள் தங்களை ஆதி என்கிறார்கள். 2021-ன் திருத்தத்தில் "அபோர்" நீக்கப்பட்டது. அதே திருத்தம், "எந்த நாகா பழங்குடியும்" என்று பொத்தாம்பொதுவாக இருந்த பதிவை நோக்டே, தாங்சா, துட்சா, வாஞ்சோ என்று பெயர் சொல்லிப் பிரித்தது. மூட்டையாகக் கட்டுவதும் ஒரு இழிவுதான் என்பதை இந்தத் திருத்தம் ஏற்றுக்கொண்டதாகவே நாங்கள் பார்க்கிறோம்.

ஒரு எச்சரிக்கை. பட்டியலில் உள்ள பெயரை உள்ளபடியே படிக்க வேண்டும், அதற்குள் வேறு பெயர் அடங்குமா என்று விசாரிக்க நீதிமன்றத்துக்கோ அதிகாரிக்கோ இடமில்லை என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2000-ல் மிலிந்த் வழக்கில் தீர்ப்பளித்தது. ஆகவே சாதிச் சான்றிதழ், உதவித்தொகை, வழக்கு சம்பந்தப்பட்ட எந்த விண்ணப்பத்திலும், பிடிக்காவிட்டாலும், பட்டியலில் இருக்கும் எழுத்துக்கூட்டலையே எழுதுங்கள். மரியாதைப் பெயரை அடைப்புக்குறிக்குள் சேர்த்தால்கூடச் சில அலுவலகங்களில் விண்ணப்பம் திரும்பிவிடும். மாற்றத்துக்கான போராட்டம் வேறு தாளில் நடக்கட்டும்.

ஒரு பெயரைச் சொல்வதையே சட்டம் தடை செய்த நாடு உண்டா?

கொங்கோ குடியரசு. 2011-ல் வந்த பூர்வகுடிகள் உரிமைச் சட்டம், மத்திய ஆப்பிரிக்கக் காடுகளின் பூர்வகுடியினரை "பிக்மி" என்று அழைப்பதைத் தடை செய்து, அதை அவமதிப்புக் குற்றமாகக் கருதுகிறது. முழங்கையிலிருந்து முட்டி மடக்கிய கை வரையான நீளத்துக்கான கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. மனிதரை முழம் போட்டு அளந்த பெயர். பாக்கா, அக்கா, ம்புட்டி, துவா என்று தனித்தனிப் பெயர்கள் இருக்கின்றன.

நான் மொழிபெயர்ப்பாளர். 19-ஆம் நூற்றாண்டுப் பயணக் குறிப்பு ஒன்றைத் தமிழாக்குகிறேன். மூலத்தில் உள்ள பழைய பெயர்களை மாற்றலாமா? தமிழில் "ஆதிவாசி", "காட்டுவாசி", "பழங்குடி" இவற்றில் எது சரி?

மூலத்தில் இருப்பதை மாற்றாதீர்கள். எழுதியவரின் பார்வை அந்தச் சொல்லில்தான் இருக்கிறது. அதைக் கழுவிவிட்டால் அவர் இன்றைய நாகரிகம் தெரிந்தவர் போல் தோன்றுவார். முதல் முறை வரும்போது அடிக்குறிப்பில் இன்றைய பெயர், யார் வைத்த பழைய பெயர், எப்போது கைவிடப்பட்டது ஆகிய மூன்றையும் இரண்டு வரியில் சொல்லுங்கள். முன்னுரை, பின்னட்டை, படவிளக்கம், பொருளடைவு ஆகியவை உங்களுடையவை. அங்கே இன்றைய பெயர் மட்டும் வர வேண்டும். பொருளடைவில் பழைய பெயரைப் போட்டு "காண்க" என்று புதிய பெயருக்கு அனுப்புங்கள், தேடுகிறவர் வழி தவறமாட்டார். அதிகம் பிழை நேர்வது படவிளக்கத்தில்தான். பழைய நிழற்படத்தோடு வந்த வாசகத்தை அப்படியே ஒட்டிவிடுவார்கள்.

எந்தப் பெயர் இன்றையது என்று அறிய, அந்த மக்கள் தேர்ந்தெடுத்த மன்றமோ சங்கமோ தன் பெயர்ப்பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். கலைக்களஞ்சியத்துக்கு அதற்குப் பிறகுதான் போக வேண்டும். ஒரே மக்களுக்குள் இரண்டு கருத்து இருந்தால் அதையும் குறிப்பில் சொல்லிவிடுங்கள், நீங்கள் தீர்ப்பு எழுத வேண்டியதில்லை.

தமிழ்ச் சொற்களில் "காட்டுவாசி" கூடாது. அது திட்டுவதற்கே பயன்படும் சொல்லாகிவிட்டது. "ஆதிவாசி" 20-ஆம் நூற்றாண்டில் சோட்டா நாக்பூர் பகுதி மக்கள் தங்கள் அரசியல் பெயராக எடுத்துக்கொண்டது. அரசியல் நிர்ணய சபையில் பழங்குடித் தலைவர் ஜெய்பால் சிங் அதற்காக வாதாடினார். ஆதி என்ற உரிமைக்குரல் அதில் இருக்கிறது. "வனவாசி" என்று மாற்றினால் அந்த உரிமை போய், இருப்பிடம் மட்டும் மிஞ்சுகிறது என்பதால்தான் பலர் அதை மறுக்கிறார்கள். பொதுவாக எழுத "பழங்குடியினர்" நல்ல சொல். "அன்" விகுதியை விட்டு "அர்" விகுதி போடுங்கள். "பழங்குடிகள்" என்பதைக்கூட மக்கள் என்ற சொல்லோடு சேர்த்தால் நல்லது. "அவை", "அதுகள்" என்று கைதவறி விழும் அஃறிணை முடிவுகளை மெய்ப்புப் பார்க்கும்போது தனியாக ஒரு முறை தேடுங்கள்.

தாவரங்களின் அறிவியல் பெயர்களை மாற்றவே முடியாது என்பது விதி. அதிலும் இழிசொற்கள் இருக்கின்றனவே?

அந்த விதியில் முதல் முறையாக இப்படியொரு வழி திறந்திருக்கிறது. ஆப்பிரிக்க மக்களை வசைபாடிய "காஃபிர்" என்ற சொல்லிலிருந்து வந்த "காஃப்ரா" என்ற அடைமொழி 200-க்கும் மேற்பட்ட இனங்களின் பெயரில் இருந்தது. 2024 ஜூலையில் மாட்ரிட்டில் கூடிய தாவரவியல் மாநாடு வாக்கெடுத்து, லத்தீன் எழுத்தில் (caffra) முதலில் உள்ள "சி" என்ற எழுத்தை மட்டும் நீக்க முடிவு செய்தது. இனி "அஃப்ரா": ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது என்று பொருள். கரையோரப் பவளமுருங்கையின் பெயர் "எரித்ரைனா காஃப்ரா" என்றிருந்தது, இனி "எரித்ரைனா அஃப்ரா". உலர்தாவரச் சேகரிப்பில் பழைய சீட்டைக் கிழிக்க வேண்டாம். அதன் பக்கத்தில் புதிய பெயரும் தேதியும் எழுதிய சீட்டை ஒட்டினால் போதும்.